காரைக்காலில் இருந்தபடியே ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கைகொடுப்பது எப்படி

பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுங்கள். அட்டை அரக்கு நிறமா, நீலமா? காரைக்கால் பக்கம் ஒரே கூரையின் கீழ் இரண்டும் இருக்கும். பாட்டிக்குப் பிரெஞ்சு அரக்கு, மருமகளுக்கு இந்திய நீலம். அரக்கு அட்டையை நிதானமாகப் பார்த்தால், ‘பிரெஞ்சுக் குடியரசு’ என்ற எழுத்துக்கு மேலே முதல் வரியாக ‘ஐரோப்பிய ஒன்றியம்’ என்று பிரெஞ்சில் அச்சாகியிருக்கும். மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1993 நவம்பர் 1 முதல், அந்த அட்டை வைத்திருப்பவர் ஒன்றியத்தின் குடிமக்களில் ஒருவர். அரசலாற்றங்கரையில் குடியிருப்பதால் அந்தக் குடியுரிமை இல்லாமல் போய்விடாது.

இங்கே இந்த உரிமை எப்படி வந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த காரைக்கால் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் வந்தது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது. சட்டப்படி அது செல்லுபடியானது 1962 ஆகஸ்ட் 16இல்தான். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தா (சிப்பாய்) குடும்பங்களும்தான் இன்று அரக்கு அட்டைக்காரர்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கிய ரோம் ஒப்பந்தம் 1957 மார்ச் 25இல் கையெழுத்தான அன்று, ஏட்டுச் சட்டத்தின்படி காரைக்கால் இன்னும் பிரான்சின் கையை விட்டுப் போகவில்லை.

இவர்களில் பலர் பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலென்றால், “அது நமக்கு எதுக்கு?” என்பார்கள். நாளைக்கு வெளிநாட்டில் படிக்கவோ வேலைக்கோ போகும் பேத்தி பாரிஸிலிருந்து பெர்லினுக்கு விசா கேட்காமல் குடிபோகலாம் என்றால், அது இந்த ஒன்றியம் கொடுத்த வசதி. அதைக் காப்பாற்ற நினைக்கிறவர் செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் காகித வேலைதான். கொடியும் முழக்கமும் இதில் கடைசி.

ஒற்றுமைக்கு ஆதரவு என்றால் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாடுகள் தங்கள் வழக்கை வாக்குப்பெட்டியிலும் நீதிமன்றத்திலும் வைத்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரே எண்ணம் போதும். எந்த அணிக்கு வாக்கு என்பது அவரவர் விருப்பம்.

பட்டியலில் பெயர்

அரக்கு அட்டைக்காரர்களுக்கான முதல் வேலை இது. பாதிப் பேர் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கென்று புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுக் கான்சுலேட்டில் ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் பதிந்தால் அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். வாக்காளர் பட்டியல் வேறு. பதிவேட்டில் இருப்பதாலேயே பட்டியலிலும் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. பதிவேட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது நிறையும்போது பெயர் பொதுவாகத் தானாகவே பட்டியலில் ஏறும். நடுவயதில் வந்து பதிந்தவர், பட்டியலிலும் சேர்க்கச் சொல்லிக் கேட்டாரா என்று பார்க்க வேண்டும். இரண்டு வேலையையும் பிரெஞ்சு அரசின் பொதுச்சேவைத் தளத்தில், வீட்டிலிருந்தே, கட்டணமில்லாமல் முடிக்கலாம். முகவரிச் சான்று, பாஸ்போர்ட், புகைப்படம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள். போனில் எடுத்த படம் மங்கலாகவோ ஓரம் வெட்டுப்பட்டோ இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும்.

பெயர் இருக்கிறதா என்று பார்க்க அதே தளத்தில் ‘வாக்காளர் நிலை’ கேட்கும் பக்கம் உண்டு. பெயர், பிறந்த தேதி, கான்சுலேட் கொடுத்தால் பதில் வரும். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது சுலபத்தில் வேலை செய்யாது. காரணங்கள் இவை.

முதலாவது, கல்யாணமான பெண்கள். தளம் கேட்பது பிறந்த வீட்டுப் பெயரை. பாஸ்போர்ட்டில் கணவர் பெயரும் சேர்ந்திருப்பதால் அதைப் போட்டுத் தேடி, ‘இல்லை’ என்ற பதிலைப் பார்த்து, பெயரை நீக்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, முதற்பெயர்கள். பிறப்புப் பதிவில் மூன்று இருந்தால் மூன்றையும் அதே வரிசையில் போட வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரிலோ பள்ளிச் சான்றிதழிலோ உள்ள இனிஷியல் எதுவும் இங்கே செல்லாது.

மூன்றாவது, குடும்பப் பெயர். 1881 ஆணைப்படி சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து குடும்பப் பெயர் எடுத்துக்கொண்ட ரெனோன்சான் வீடுகளில் இந்தச் சிக்கல் குறைவு. மற்ற வீடுகளில் அப்பா பெயரே குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே ஓரெழுத்து வித்தியாசம் இருக்கும். வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக்காரர்களின் பதிவுகளை நான்ட் நகரிலுள்ள மத்தியக் குடியியல் பதிவகம் வைத்திருக்கிறது. அங்கிருந்து பிறப்புப் பதிவின் நகலை ஒருமுறை வரவழைத்து, அதிலுள்ள எழுத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதிப் பீரோ கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். இனி எந்தப் படிவத்துக்கும் அதுதான் மூலம்.

பக்கம் பதில் கொடுத்ததும் தேசிய வாக்காளர் எண் கிடைக்கும். அதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால், உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் வாக்குப் போடும்படி பதிலி எழுதும்போது உதவும்.

ஒருவர் பெயர் ஒரே பட்டியலில்தான் இருக்கலாம். பிரான்ஸ் முழுவதற்கும் ஒரே வாக்காளர் பதிவேடு 2019இல் வந்துவிட்டது. பாரிஸை ஒட்டிய சர்செல் ஊரின் ‘மேரி’யில் (நகராட்சி அலுவலகத்தில்) பெயரை வைத்துக்கொண்டே காரைக்காலில் பென்ஷனோடு குடியேறியவருக்கு, கான்சுலேட் பட்டியலில் சேர்ந்த உடன் சர்செல் பெயர் போய்விடும். இதுவே தலைகீழாகவும் நடக்கும். பாரிஸ் பக்கத்து லா கூர்நேவிலுள்ள மகள் வீட்டுக்குப் போய் எட்டு மாதம் தங்கிய பெரியவரை, யாரோ நல்லெண்ணத்தில் அங்குள்ள மேரியில் பதிந்துவிடுவார்கள். அவர் ஊர் திரும்பும்போது இங்கே பெயர் இருக்காது.

கடைசி நாளுக்கும் ஒரு கணக்கு உண்டு. தேர்தலுக்கு முந்தைய ஆறாவது வெள்ளிக்கிழமையோடு பட்டியல் மூடும். அடுத்த ஐரோப்பியத் தேர்தல் 2029 ஜூனில். அப்படியானால் ஏப்ரல் கடைசிக்குள் பெயர் ஏறியிருக்க வேண்டும். தைப்பொங்கல் முடிந்த கையோடு தெருவில் வேலையைத் தொடங்கினால்தான் திரும்பி வந்த விண்ணப்பத்தைச் சரிசெய்து மறுபடி அனுப்ப நேரம் இருக்கும்.

மின்னஞ்சலையும் பார்த்துவிடுங்கள். கான்சுலேட் அறிவிப்பெல்லாம் மின்னஞ்சலில்தான் வரும். பத்து வருஷத்துக்கு முன் பதிந்தபோது பக்கத்து வீட்டுப் பையனின் முகவரியைக் கொடுத்திருப்பார்கள். அவன் இப்போது துபாயில் இருப்பான். தெருவில் ஒருவர் எல்லாருக்கும் மின்னஞ்சல் திறந்து கொடுத்து, கடவுச்சொல்லைத் தானே வைத்துக்கொள்ளும் ‘உதவி’ வேண்டவே வேண்டாம். அவரவர் நோட்டில் அவரவர் கையால் எழுதி வைக்கட்டும்.

பதிலி வாக்கு

ஐரோப்பியத் தேர்தலில் வெளிநாட்டு பிரெஞ்சுக்காரர்களுக்கு நேரில் போவது, பதிலி ஆள் மூலம் போடுவது என்று இரண்டே வழி. பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போது கிடைக்கும் இணையவழி வாக்கு இதற்குக் கிடையாது. இதைத் தெரியாமல், “கம்ப்யூட்டரில் வரும்” என்று காத்திருந்து நாளைத் தவறவிட்டவர்கள் உண்டு.

ஜனாதிபதித் தேர்தல்களில் காரைக்காலிலேயே சாவடி திறந்திருக்கிறார்கள். எல்லாத் தேர்தலுக்கும் அப்படித் திறப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு முறையும் கான்சுலேட் அறிவிப்பைப் பாருங்கள். புதுச்சேரிக்குத்தான் போக வேண்டுமென்றால் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாக பஸ்ஸில் நான்கு மணி நேரம் ஆகும். எழுபது வயதுக்காரரை ஜூன் வெயிலில் அப்படி அலைக்கழிக்காதீர்கள். கணக்குப்படி போக வர எட்டு மணி நேரம்தான், ஆனால் முட்டி வலிக்காரருக்கு அது இரண்டு நாள். அவருக்குப் பதிலிதான் சரி.

பதிலி எழுதும் முறை இதுதான். பிரெஞ்சு அரசின் பதிலித் தளத்தில் விண்ணப்பத்தை நிரப்புங்கள். உங்களுக்காக வாக்குப் போடப் போகிறவரின் வாக்காளர் எண்ணையோ முழுப் பெயர் விவரத்தையோ அதில் கொடுக்க வேண்டும். பிறகு பாஸ்போர்ட்டோடு கான்சுலேட்டுக்கு நேரில் போய் அடையாளத்தைக் காட்ட வேண்டும். இந்த இரண்டாவது படியைத்தான் மறந்துவிடுவார்கள். இணையத்தில் அனுப்பியதோடு முடிந்தது என்று நினைத்தால் பதிலி செல்லாது. பாஸ்போர்ட் புதுப்பிக்கவோ பென்ஷன் உயிர்ச்சான்றுக்கோ புதுச்சேரி போகும் நாளிலேயே இதையும் முடித்துவிடுங்கள். அதிகாரிகள் வெளியூர்ச் சுற்றாகக் காரைக்கால் வரும் நாள் அறிவிக்கப்பட்டால் இன்னும் நல்லது. வெளிநாட்டில் வசிப்பவர்கள் ஒரு தேர்தலுக்கு மட்டும் என்றும் எழுதலாம், மூன்று ஆண்டு வரைக்கும் சேர்த்தும் எழுதலாம். மூன்றாண்டுக்கு எழுதினால் ஒரு அலைச்சல் பல தேர்தலுக்கு உதவும்.

பதிலி ஆள் எந்தப் பட்டியலில் இருந்தாலும் சரி. ஆனால் அவர் வாக்குப் போட வேண்டியது உங்கள் சாவடியில். பாரிஸில் இருக்கும் மகன் பேரில் எழுதிவிட்டு, அவன் அங்கேயே போட்டுவிடுவான் என்று நினைத்தால் வாக்கு வீண். அவருக்குத் தபாலில் எந்தத் தாளும் போகாது, நீங்களே சொல்ல வேண்டும். ஒருவர் ஏற்கக்கூடிய பதிலிகளுக்கு வரம்பு இருப்பதால், தெரு முழுக்க ஒரே வாத்தியாரை நம்பி எழுதினால் பின்னால் எழுதியவை அடிபடும். கார் வைத்திருக்கும் நாலைந்து வீடுகளைப் பிடித்து முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். பதிலி கொடுத்தவர் சொன்ன அணிக்கே போடக்கூடியவரா என்று பார்த்துக் கொடுங்கள். உறைக்குள் என்ன போனது என்று யாராலும் சரிபார்க்க முடியாது.

சாவடியில்

மின்னணு இயந்திரமும் இல்லை, விரலில் மையும் இல்லை. மேசையில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு சீட்டு அடுக்கியிருக்கும். 2024இல் பிரான்சில் 38 அணிகள் நின்றன. ஒவ்வொரு சீட்டிலும் 81 பெயர்கள், ஆணும் பெண்ணும் மாறி மாறி. பிரான்சுக்கு மொத்தமுள்ள 720 இடத்தில் 81 என்பதால் அந்தக் கணக்கு. நாடு முழுவதும் ஒரே தொகுதி. 5 சதவீதம் எட்டாத அணிக்கு இடம் கிடையாது.

வேண்டிய ஒரே சீட்டை மட்டும் எடுத்தால் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். அதனால் இரண்டு மூன்று சீட்டாக எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் போய், ஒன்றை உறையில் போட்டு, மீதியை மடித்துக் குப்பையில் போடுவார்கள். சீட்டில் பேனா படக் கூடாது. பிடிக்காத பெயரை அடித்தாலும், ‘வாழ்க’ என்று எழுதினாலும் செல்லாது. இரண்டு வேறு அணிச் சீட்டுகள் ஒரே உறையில் இருந்தாலும் செல்லாது. உறையைப் பெட்டியில் போட்ட பிறகு பட்டியலில் கையெழுத்து. சில சிறிய அணிகளின் சீட்டு சாவடியில் இல்லாமலும் போகலாம்.

முதல்முறை போகும் பிள்ளைகளுக்கு வீட்டில் நாலு துண்டுச் சீட்டும் ஒரு கல்யாணக் கவரும் வைத்து ஒருமுறை காட்டிவிட்டால் போதும்.

பத்து லட்சம் கையெழுத்து

தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. இடையில் குடிமக்கள் தாங்களே ஒரு சட்டம் வேண்டுமென்று ஐரோப்பிய ஆணையத்திடம் கேட்க ‘ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சி’ என்று ஒரு வழி 2012 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்குள் பத்து லட்சம் கையெழுத்து சேர வேண்டும். குறைந்தது ஏழு நாடுகளில் அந்தந்த நாட்டுக்கான குறைந்தபட்ச எண்ணிக்கையையும் தாண்ட வேண்டும். அந்த எண் ஒரு பெருக்கல் கணக்கு: அந்த நாட்டின் உறுப்பினர் எண்ணிக்கையை 720ஆல் பெருக்க வேண்டும். பிரான்சுக்கு 81 பெருக்கல் 720, ஆக 58,320. காரைக்காலிலிருந்து போடும் பிரெஞ்சுக்காரரின் கையெழுத்து இந்த 58,320இல் சேரும். எந்த ஊரில் இருக்கிறார் என்பதைப் பார்க்க மாட்டார்கள், குடியுரிமையைத்தான் பார்ப்பார்கள்.

தண்ணீர்ப் பாட்டைப் படித்தே வளர்ந்த நமக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். தண்ணீர் மனித உரிமை என்று கேட்ட முன்முயற்சிதான் முதலில் பத்து லட்சத்தைத் தாண்டியது. சரிபார்த்த பிறகு நின்ற கையெழுத்து 16 லட்சத்துக்கும் மேல். ஆணையம் 2014 மார்ச்சில் பதில் சொன்னது. குடிநீர் வழிகாட்டுச் சட்டம் திருத்தப்பட்டு வெளிவந்தது 2020 டிசம்பரில். ஆறே முக்கால் வருஷம் ஆனது. பத்து லட்சம் சேர்ந்தாலும் ஆணையம் சட்டம் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காரணத்தோடு ஆறு மாதத்தில் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். “போட்டேனே, என்ன ஆச்சு?” என்று பிறகு கேட்பவருக்குப் பதில் இல்லையென்றால் அடுத்த முறை அவர் வர மாட்டார்.

போடும் முறை சுலபம். ஆணையத்தின் பதிவேட்டுத் தளத்தில் நடப்பிலுள்ள முன்முயற்சிகள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் திறந்து, நாடு ‘பிரான்ஸ்’ என்று தேர்ந்து, பெயரையும் பாஸ்போர்ட் அல்லது தேசிய அடையாள அட்டை எண்ணையும் கொடுக்க வேண்டும். பிரெஞ்சுக்காரருக்கு வயது 18. ஒரு முன்முயற்சிக்கு ஒருமுறைதான். இருபது வருஷமாகப் பாரிஸில் வேலை பார்த்தாலும் நீலப் பாஸ்போர்ட்காரர் போட முடியாது. மனைவி பெயரோடு கணவரின் பாஸ்போர்ட் எண், காலாவதியான பாஸ்போர்ட் எண், எழுத்துப் பிழையான பெயர் இவையெல்லாம் பிரெஞ்சு அதிகாரிகள் சரிபார்க்கும் மூன்று மாதத்தில் கழிந்து போகும். பதிவேட்டுத் தளம் பணம் கேட்காது, ஓடிபி கேட்காது. வாட்ஸப்பில் வரும் இணைப்பைத் தொடாமல், தளத்தை நீங்களே திறந்து தேடுங்கள். அடுத்தவர் பாஸ்போர்ட் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு போய் மொத்தமாக ஏற்றும் வேலை கூடவே கூடாது.

புதிய முன்முயற்சி தொடங்க ஏழு வெவ்வேறு உறுப்பு நாடுகளில் வசிக்கும் ஏழு ஒன்றியக் குடிமக்கள் வேண்டும். காரைக்காலில் வசிப்பவர் அந்த ஏழில் ஒருவராக முடியாது. உறவுக்காரர் பிரான்சில் ஒருவர், ஜெர்மனியில் ஒருவர் என்று ஆள் சேர்த்துக் கொடுக்கலாம். மாங்கனித் திருவிழாவுக்கு ஆனி மாதம் ஊர் திரும்புகிறவர்களிடம் பேசிப் பார்க்கலாம். எளிதான வேலை என்று சொல்ல முடியாது.

நீலப் பாஸ்போர்ட்காரருக்குத் திறந்திருக்கும் கதவு

இந்தியக் குடிமக்கள் பிரெஞ்சுத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. ஆனால் டெல்டாவில் விளைவதும் பிடிபடுவதும் ஐரோப்பாவுக்குப் போகிறதென்றால், அங்கே விதி எழுதும்போது கருத்துச் சொல்லலாம். ஆணையத்தின் ‘கருத்துச் சொல்லுங்கள்’ தளத்தில் வரைவு விதிகளும் கலந்தாய்வுகளும் வெளியாகும். எந்த நாட்டவரும் எழுதலாம். ‘ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள குடிமகன்’ என்று தனிப் பிரிவே இருக்கிறது.

நெல் விவசாயிக்கு நினைவிருக்கும் ஓர் எடுத்துக்காட்டு: குலைநோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோல். அரிசியில் அதன் எச்ச வரம்பை ஒன்றியம் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 மில்லிகிராமுக்கு இறக்கியது. 2018 தொடக்கத்திலிருந்து இறக்குமதிக்கும் அதுதான் அளவு. நூறில் ஒரு பங்கு! அந்த மாதிரி முடிவின் வரைவு வரும்போது, எந்தப் பருவத்தில், எத்தனை முறை, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு மருந்து அடிக்கிறோம் என்று எழுதும் உழவர் குழுவின் நாலு வரிக்கு, “இதைக் கைவிடுங்கள்” என்ற நாற்பது வரியைவிட எடை அதிகம். வேதாரண்யம், நாகை பக்கத்து இறால் பண்ணைக்காரர்களுக்கு ஆன்டிபயாட்டிக் சோதனை விதிகள் அப்படி.

முதலில் மின்னஞ்சல் கொடுத்து ஒரு கணக்குத் திறக்க வேண்டும். கருத்துக்கு 4,000 எழுத்து வரை இடம். மேற்கொண்டு தேவையென்றால் கோப்பு இணைக்கலாம். மொழி ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்க வேண்டும். தமிழ் இல்லை. பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். பிரிட்டன் 2020இல் வெளியேறிய பிறகும் ஆங்கிலம் ஆட்சிமொழியாகவே இருக்கிறது. வரைவுகளுக்குப் பெரும்பாலும் 4 வாரமும், முழுக் கலந்தாய்வுக்கு 12 வாரமும் அவகாசம். மூடும் நேரம் பிரஸ்ஸல்ஸ் நள்ளிரவு. கோடையில் அது நமக்கு விடியற்காலை மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை. எழுதியது பொதுவெளியில் வெளியாகும், பெயரை மறைக்கும் வசதி உண்டு. எல்லாரும் ஒரே வாசகத்தை ஒட்டினால் ஒரே கருத்தாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வாட்ஸப்பில் ஒரு வரைவை அனுப்பி ‘நகலெடுத்துப் போடுங்கள்’ என்பது வீண் வேலை.

மனு என்பது வேறு. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மனுப்போட ஒன்றியக் குடிமகனாகவோ உறுப்பு நாட்டில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும். அதனால் பிரான்சில் குடியிருக்கும் நீலப் பாஸ்போர்ட்காரரும் போடலாம். விஷயம் ஒன்றியத்தின் அதிகாரத்துக்குள் இருக்க வேண்டும். சொல்தா பென்ஷன் பாக்கி, பிரெஞ்சு நீண்டகால விசா தாமதம் இரண்டும் பிரான்சின் உள்விவகாரம். அங்கே அனுப்பினால் பல மாதம் கழித்து ‘எங்கள் எல்லைக்குள் இல்லை’ என்று பதில் வரும்.

சந்தேகம் கேட்க ஒன்றியத்தின் தகவல் மையம் இருக்கிறது. 00 800 என்று தொடங்கும் அவர்களுடைய இலவச எண் ஐரோப்பாவுக்குள்தான். இங்கிருந்து கூப்பிட வேண்டிய எண் +32 2 299 96 96. வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் விழும், அதனால் மின்னஞ்சல் படிவமே மேல்.

திண்ணைக் கூட்டம்

மே 9 ஐரோப்பா தினம். 1950இல் அன்றைக்குத்தான் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ரொபேர் ஷூமான், பிரான்ஸ், ஜெர்மனி இரண்டின் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது நிர்வாகத்தின் கீழ் வைக்கலாம் என்று அறிவித்தார். நம் ஊரில் அது அக்னி நட்சத்திரத்தின் நடுவே வரும். ஐந்தரை மணிக்கு மேல்தான் கூட்டம், ஏழுக்குள் முடித்துவிடுங்கள். நாற்பது பேருக்கு மேல் கூப்பிட வேண்டாம், காகித வேலை நடக்காது. ஐம்பது டீக்கு மூன்று லிட்டர் பால், இரண்டு லிட்டர் தண்ணீர், நூறு கிராம் டீத்தூள், அரைக் கிலோ சர்க்கரை. சர்க்கரையைத் தனியாக வையுங்கள், வருகிறவர்களில் பாதிப் பேர் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஒலிபெருக்கி வைத்தால் போலீஸ் அனுமதி வேண்டும். திண்ணையும் முற்றமும் போதும். இரண்டு லேப்டாப், ஒரு ஸ்கேனர், நல்ல இணைய இணைப்பு ஆகியவைதான் அவசியம். பேச்சு இருபது நிமிஷம். பாக்கி நேரமெல்லாம் ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பட்டியலில் பெயர் பார்ப்பது.

அந்த இருபது நிமிஷத்தில் என்ன சொல்வது? நம் கடற்கரையையே காட்டலாம். நாகப்பட்டினத்திலிருந்து தரங்கம்பாடிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்தத் துண்டு நிலத்தில் நாகையில் போர்ச்சுகீசியர், அவர்களைத் துரத்தி 1658இல் டச்சுக்காரர், அவர்களைத் துரத்தி 1781இல் ஆங்கிலேயர். தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரர். நடுவில் காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர். 1760இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், பிறகு திரும்பக் கொடுத்தார்கள். அங்கே அவர்கள் சண்டை போட்டால் இங்கே நம் வயலும் உப்பளமும் மிதிபட்டன. இன்று பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க், போர்ச்சுகல் நான்கும் ஒரே நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து மீன்பிடி அளவுக்கு வாதாடுகின்றன. ஆங்கிலேயர் மட்டும் 1973இல் சேர்ந்து 2020 ஜனவரி 31இல் வெளியே போனார்கள்.

ஒன்றியம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் காவிரியைச் சொல்லுங்கள். நெய்வேலி நிலக்கரியையும் சேலம் எஃகையும் பற்றிப் பேசுவதைவிட அது சட்டென்று பிடிபடும். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16இல் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்றது, புதுச்சேரிக்கு, அதாவது காரைக்கால் வயலுக்கு, 7 டி.எம்.சி. ஒரு பொது ஆணையம் உட்கார்ந்து அளக்கிறது. ஆனால் ஒப்புமையை அளவோடு நிறுத்துங்கள். காவிரியில் அளவை நீதிமன்றம் தீர்மானித்தது. ஒன்றியத்தில் நாடுகள் தாங்களே கையெழுத்துப் போட்டு அதிகாரத்தைப் பொதுவில் வைத்தன.

கேட்கிற முதல் கேள்வி நிச்சயமாக இதுவாகத்தான் இருக்கும்: “சரி மாமா, மேலே இருக்கிறவன் தண்ணி விடலேன்னா?” பதில் கையில் இருக்கட்டும். விதியை மீறும் நாட்டை ஆணையம் லக்சம்பர்க்கிலுள்ள ஒன்றிய நீதிமன்றத்துக்கு இழுக்கும். 2021 அக்டோபரில் போலந்துக்கு நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ அபராதம் விழுந்தது. 2024 ஜூனில் ஹங்கேரிக்கு 20 கோடி யூரோ, அதற்கு மேல் நாளுக்கு 10 லட்சம். கட்டாமல் இழுத்தடித்தால் அந்த நாட்டுக்குத் தர வேண்டிய ஒன்றிய நிதியில் பிடித்துக்கொள்வார்கள். டெல்டாக்காரருக்கு இது புரியும், கொஞ்சம் பொறாமையும் வரும்.

இரண்டாவது கேள்வி, “என் ஒரு ஓட்டில் என்ன ஆகும்?” இதற்குப் பெரிய வாதம் செய்ய வேண்டாம். 2024இல் ஒன்றியம் முழுக்க வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 51 பேர் என்று மட்டும் சொல்லி, “உங்க பேர் லிஸ்ட்ல இருக்கான்னு பார்த்துடலாம் வாங்க” என்று லேப்டாப் பக்கம் அழைத்துப் போங்கள். எந்த அணிக்குப் போட வேண்டும் என்று சொல்லத் தொடங்கினால் அந்தத் தெருவில் பாதி வீடு அடுத்த முறை வராது.

பணம்

வசூல் செய்யாதீர்கள். பிரெஞ்சுக் குடிமக்கள், இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் உட்பட, இந்தியச் சட்டப்படி வெளிநாட்டவர். ஒரு சங்கம் அவர்களிடம் ரூபாயாக வாங்கினாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக் கூடாது. துபாயிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்காரர் அனுப்புவது இந்தக் கணக்கில் வராது. பாரிஸிலிருந்து அரக்கு அட்டைக்காரர் அனுப்புவது வரும். ‘ஐரோப்பிய நட்புச் சங்கம்’ என்று பெயர்ப்பலகை மாட்டி ரசீதுப் புத்தகம் அச்சடிப்பதுதான் சிக்கலின் தொடக்கம். கூட்டம் நடத்தும் வீட்டுக்காரர் டீச் செலவைத் தன் கைக்காசில் பார்த்துக்கொள்ளட்டும், அடுத்த கூட்டம் அடுத்த வீட்டில். மறுபக்கமும் ஒரு தடை: பிரெஞ்சுக் கட்சிக்கு நன்கொடை தர பிரெஞ்சுக் குடியுரிமையோ பிரான்சில் வசிப்பிடமோ இருக்க வேண்டும். உற்சாகத்தில் மருமகன் தன் நீலப் பாஸ்போர்ட்டோடு இங்கிருந்து ஐம்பது யூரோ அனுப்பினால், கட்சி அதைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

கூட்டம் முடிந்ததும் லேப்டாப்பில் யாருடைய கணக்கும் திறந்தபடி இல்லை என்று பார்த்து, ஸ்கேன் செய்த பாஸ்போர்ட் படங்களை அழித்து, குப்பைத் தொட்டிக் கோப்புறையையும் காலிசெய்துவிட்டு மூடுங்கள்.